எட்டாம் நாள் யார் வருவார்?

தீபாவளி இரவில் கொள்ளுக்குடிப்பட்டியில் வெடிச்சத்தம் கேட்காது. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையை ஒட்டிய சிற்றூர் அது. ஊர்க் கண்மாயில் அந்த நேரம் நத்தைகுத்தி நாரையும் உண்ணிக்கொக்கும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அரிவாள் மூக்கனும் நாட்டுக் கருவேல மரங்களில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு சரவெடி போதும், மொத்தக் கூட்டமும் மரத்தை விட்டு எழும்பிவிடும். அதனால் வெடி வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தது. பல பத்தாண்டுகளாக அந்த முடிவு மாறவில்லை. கல்யாணம், திருவிழா எதற்கும் வேட்டுப் போடுவதில்லை. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்போடு வந்து ஊராருக்குக் கொடுத்து நன்றி சொல்லிப் போகிறார்கள்.

இந்த ஊரையும் பக்கத்து வேட்டங்குடியையும் சேர்ந்த கண்மாய்களைத்தான் 1977ல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பில் பறவைகள் வந்து குஞ்சு பொரித்துப் போகின்றன என்றால், முதல் காரணம் அந்த ஊராரின் பழக்கம்தான். ஒரு வருடம் செய்துவிட்டு நிறுத்தியிருந்தால் அதற்குப் பயன் இருந்திருக்காது.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு இப்போது ஓர் ஆசை இருக்கிறது. ஊர்ப்புறத்தைக் காக்கிற வேலையில் நாமும் சேர வேண்டும், சனி ஞாயிறு போய் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார்கள். எங்கே போவது, யாரைப் பார்ப்பது, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. முதல் பதிலைக் கொள்ளுக்குடிப்பட்டி சொல்லிவிட்டது: திரும்பத் திரும்பச் செய்வதே காப்பது.

மாளிகையைச் சுற்றி இருப்பது

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆயிரம் ஜன்னல் வீடும் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் நினைவுக்கு வரும். வீடுகளைக் காப்பாற்றச் சொல்லிப் பல குரல்கள் எழுந்துவிட்டன. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சிலர் கொத்தமங்கலத்தில் தங்கி இந்தப் பணியை முன்னெடுத்தார்கள். 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் செட்டிநாடு இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் இதன் பெயர் என்ன தெரியுமா? தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள். மாளிகைகள் என்று அங்கே எழுதவில்லை. ஊர் என்றால் தெரு, வடிகால், ஊருணி, கண்மாய், கோயில், கோயில்காடு எல்லாம் சேர்ந்ததுதான். வீடு அதில் ஒரு பகுதி.

இங்கே ஆறு வற்றாமல் ஓடுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதைப் பிடித்துவைத்து அடுத்த ஆடி வரை தாக்குப்பிடித்தால்தான் பிழைப்பு. அதற்காக நம் முன்னோர் இரண்டு அடுக்காக ஏற்பாடு செய்தார்கள். வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊருணி. ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி அண்டாக்களில் நிரம்பும். மிஞ்சியது தெருவோர வடிகாலில் ஓடி ஊருணிக்குப் போகும். ஊருணியைச் சுற்றிச் செம்புறாங்கல் சுவர், இறங்கப் படிக்கட்டு, தண்ணீர் வந்து சேர வரத்துக்கால். செருப்போடு இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டை இழைப்பார்கள். கண்மாயில் மடை திறந்து மூட ஓர் ஆள் இருப்பார், சில ஊர்களில் அவரை நீர்க்கட்டி என்பார்கள். எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்பது அவர் மனக்கணக்கு.

கரை உடையாமல் மண் போடுவதும் வரத்துக்கால் தூர்வாருவதும் ஊரே சேர்ந்து செய்த வேலை. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஆங்கிலேயர்கள் 1858ல் சட்டம் போட்டு அதைக் கட்டாயமாக்கப் பார்த்தார்கள். கண்மாயை அரசு எடுத்துக்கொண்டு, மண் சுமப்பதை மட்டும் குடிகளுக்கு விட்டுவைத்தால் எந்த ஊர் மனமுவந்து வரும்? பழக்கம் மெல்ல நின்றுபோனது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் மறுபடி ஒரு திட்டம் கொண்டுவந்தது. பணம் வந்தது, இயந்திரம் வந்தது. ஊரின் பழக்கம் அவ்வளவு சுலபமாகத் திரும்பிவிடாது.

அந்தப் பழக்கம் விட்டுப்போன இடத்தில் மாணவர்கள் வந்து நிற்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

ஒரு முகாமின் கதை

நானும் கல்லூரி நாளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவன். காந்தி நூற்றாண்டு நேரத்தில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. நான் அல்ல, நீ என்பதே அதன் முழக்கம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரத் தொண்டு, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டங்களும் வருகின்றன. அங்கிருக்கும் கல்லூரிகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் இப்படிக் கிராமங்களுக்குப் போகிறார்கள். நாட்டுப்புறத்தைக் காக்கும் வேலைக்கு இதைவிடப் பெரிய வாசல் நம்மிடம் இல்லை.

எங்கள் முகாமில் ஓர் ஊருணியின் வரத்துக்காலைத் தூர்வாரினோம். ஏழு நாளும் வெயிலில் நின்று மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்தது. ஊர்ப் பெண்கள் கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசி நாள் கூட்டம், சான்றிதழ், புகைப்படம். நாங்கள் வாரிய மண்ணைக் காலின் இரண்டு கரையிலும் குவித்துவைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு, வேறு ஒரு வேலையாக அதே ஊருக்குப் போனேன். குவித்த மண் முழுதும் மழையில் கரைந்து திரும்பக் காலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சீமைக்கருவை முன்பைவிட அடர்த்தியாக முளைத்திருந்தது. ஊருணியில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கேட்டதை இன்றும் மறக்கவில்லை.

“மழை பேஞ்சன்னைக்கு வந்து பாத்தீகளா தம்பி? அப்பத்தான தண்ணி எங்குட்டு வருது, எங்குட்டு மறிக்குதுன்னு தெரியும். காஞ்ச காலத்துல வந்து வெட்டுனா கோடு போட்ட மாதிரிதான்.”

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாத பாடத்தைச் சொன்னார். அந்த முகாமுக்கு எட்டாவது நாள் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். மழை பெய்த அன்று ஒரு நாள், மழை நின்ற பிறகு ஒரு நாள், அடுத்த வருடம் ஒரு நாள். அப்படிப் போயிருந்தால், சாலை போட்டவர்கள் பாலத்துக் குழாயை மேட்டில் பதித்ததால்தான் தண்ணீர் திரும்பிப் போகிறது என்பது தெரிந்திருக்கும். மண்வெட்டியால் தீராத அந்தக் குறை, ஒரு மனுவால் தீர்ந்திருக்கும்.

கையால் ஆகாத வேலையும் உண்டு

சீமைக்கருவையைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். தொண்டு என்று கிளம்பும் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது அரிவாளைத்தான். விறகுக்காகப் பரப்பிய இந்த மரம் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிவிட்டது. ஆடு மாடு தின்ற நெற்று, சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. மேலே வெட்டினால் செத்துப்போகாது, வெட்டிய இடத்தில் நாலாகத் துளிர்க்கும். தூரோடு பெயர்த்தால்தான் போகும். அதற்கு இயந்திரம் வேண்டும், பெயர்த்த இடத்தில் மறுபடி முளைக்கும் கன்றை மூன்று நான்கு ஆண்டு பிடுங்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்குத்தான் மாணவர்கள் பொருத்தம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரக் கன்றைக் கையுறை போட்டுக்கொண்டு வேரோடு இழுத்துவிடலாம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை. சில கண்மாய்களில் கொக்கும் நாரையும் இந்த மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். கார்த்திகையில் கூட்டமாகப் போய் வெட்டினால் குஞ்சுகள் செத்துவிடும். நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக்கருவை வேறு என்று தெரியாமல் இரண்டையும் சாய்க்கிறவர்களும் உண்டு. மரத்தைப் பார்த்து, மாதத்தைப் பார்த்து, ஊராரைக் கேட்டுத்தான் அரிவாளைத் தொட வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1959ல் சர்ரே மாவட்டத்தின் பாக்ஸ் ஹில் என்ற குன்றில் 42 தொண்டர்கள் கூடிப் புதர் வெட்டினார்கள். சுண்ணாம்பு மண்ணில் வளரும் அரிய செடிகளைப் புதர் மூடிக்கொண்டிருந்தது. அங்கே தொடங்கிய குழுதான் இன்று கன்சர்வேஷன் வாலண்டியர்ஸ் என்ற பெரிய தொண்டு நிறுவனமாக இருக்கிறது. புதர் மறுபடி முளைக்கும். அதனால் தொண்டும் ஒரே நாளில் முடிந்துவிடாது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. கோயம்புத்தூரில் 2017லிருந்து கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு குளத்தில் கூடுகிறார்கள், பேரூர் பெரியகுளத்தில் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் பேருந்து பிடித்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், பேராவூரணியில், 2018 நவம்பர் 16 கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட பிறகு, அந்த வட்டாரத்து இளைஞர்கள் கைஃபா என்று சங்கம் அமைத்து 2019ல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். அந்த அனுபவத்தை வைத்து அடுத்தடுத்த ஏரிகளுக்குப் போனார்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

மாணவர்களிடம் மண்வெட்டியைவிடப் பெரிய கருவி ஒன்று இருக்கிறது. கண்ணும் நோட்டுப் புத்தகமும்.

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஏழு குன்றுகளும் கண்மாய்களும் சமணப் படுக்கைகளும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. மதுரை வட்டாரத்து இயற்கை ஆர்வலர்கள் ஆண்டுக் கணக்கில் குன்றேறிப் பறவைகளின் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். சுமார் 250 வகை என்று சொல்லக் கையில் பட்டியல் இருந்தது. 2010ல் யானைமலையைக் காக்கப் பிறந்த பசுமை நடை, நூற்றுக்கணக்கான மக்களை மலைகளுக்குக் கூட்டிப்போய் அவற்றின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தபோது ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடியது மக்கள். அவர்கள் கையில் இருந்த ஆதாரங்களில் ஒன்று, யாரோ சிலர் விடிகாலையில் எழுந்துபோய் எழுதிவைத்த பெயர்கள்.

நம் கண்மாய்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? வேட்டங்குடிக்கு வனத்துறைக் கணக்கு இருக்கிறது. ஆனால் சரணாலயம் என்று பெயர் வாங்காத கண்மாய்கள்தான் மாவட்டம் முழுக்க. அங்கே என்ன பறவை வந்தது, எந்த மாதம் தண்ணீர் வற்றியது என்று எழுதிவைக்கும் கைகள் மிகக் குறைவு. பட்டியல் இல்லாத கண்மாயைத் தரிசு என்று எழுதிவிடுவது சுலபம்.

தொடங்க நல்ல நாள் பொங்கல். 2015லிருந்து தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். கட்டணம் கிடையாது. தொலைநோக்கி இல்லாவிட்டாலும் மைனாவும் மீன்கொத்தியும் வெண்கொக்கும் கண்ணுக்குத் தெரியும். ஊருக்கு வரும் பிள்ளைகள் சொந்த ஊர்க் கண்மாயிலேயே செய்யலாம். இது தவிர வனத்துறை ஆண்டுதோறும் நீர்நிலைப் பறவைகளையும் நிலப்பறவைகளையும் தனித்தனியாகக் கணக்கெடுக்கிறது. அதில் கல்லூரி மாணவர்களைத் தொண்டர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்கலாம்.

கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். பறவை பார்க்கும் நேரம் காலை ஆறு மணி. பெண் பிள்ளைகளின் விடுதிக் கதவு எட்டு மணிக்குத் திறந்தால் அவர்கள் இந்த வேலைக்கு வர முடியாது. ஒரு பேராசிரியையின் துணையும் ஒரு வண்டியும் கொடுத்து அனுப்பினால் ஆண் பிள்ளைகளைவிட ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டு வருவார்கள். வெள்ளாமை, தண்ணீர், விதை பற்றி ஊர்ப் பெண்களிடம் பேசித் தெரிந்துகொள்ளவும் அவர்களால்தான் முடியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவையைவிட மரம் எளிது, ஓடிப்போகாது. சீசன்வாட்ச் என்றொரு திட்டத்தில் கேரளப் பள்ளிகள் பெருமளவில் பங்கெடுக்கின்றன. ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தன் மரமாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்கும். நம் பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. பள்ளி வாசல் புளியமரத்திலோ ஊருணிக் கரை ஆலமரத்திலோ நாளைக்கே தொடங்கலாம்.

கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவும் நல்ல வகுப்பறை. சிங்கம்புணரி, திருப்பத்தூர் பக்கம் தண்ணீர் வற்றும் காலத்தில் கண்மாயில் ஊரே ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு இறங்கும். விராலும் கெளுத்தியும் குரவையும் எத்தனை, ஜிலேபிக் கெண்டை எத்தனை என்று கரையில் நின்று ஒரு மாணவர் குழு எண்ணினால் அந்தக் கண்மாயின் நலம் தெரிந்துவிடும். வருடா வருடம் எண்ணினால் நாட்டு மீன் எந்த வேகத்தில் குறைகிறது என்பது தெரியும். அதை இன்று சொல்லக் கூடியவர்கள் வலை வீசும் பெரியவர்கள் மட்டுமே. நீர்க்கட்டிகளின் மனக்கணக்கும் அப்படித்தான், அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்கள் கைப்பேசியில் அவர்கள் பேச்சைப் பதிந்து, மடைகளின் பெயரையும் வரத்துக்கால்களின் பெயரையும் கேட்டு எழுதினால் அதுவே ஓர் ஆய்வேடு.

மரக்கன்று நடுவதைப் பற்றி ஒரே வார்த்தை. எல்லாரும் நடுகிறார்கள், தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பத்துக் கன்று நட்டு இரண்டு கோடை காப்பாற்றுங்கள், போதும். கோயில்காட்டில் நிற்கும் பாலை, வீரை, காரை, உசில், இலுப்பை இவற்றின் விதையைப் பூசாரியிடம் கேட்டு வாங்கி, கல்லூரியிலேயே நாற்று விடலாம். இந்த மண்ணுக்குப் பழகிய மரங்கள் அவை. அய்யனாரின் மண்குதிரைகள் காவல் நிற்கும் அந்தக் காடுகளில் கிளை ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் விதையாவது மிஞ்சியிருக்கிறது.

போகும் முன்

அனுமதி முக்கியம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய கண்மாய் நீர்வளத் துறையின் கையில் இருக்கும், சிறியதும் ஊருணியும் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும். மரத்துக்கும் மீனுக்கும் தனித்தனி ஏலம் இருக்கும். ஊராட்சித் தலைவரையும் ஊர்ப் பெரியவர்களையும் பார்த்துப் பேசாமல் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்த ஆள் கூட இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, மண் அள்ளிய கண்மாயில் பள்ளம் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பாம்புக்கு முழங்கால் பூட்ஸ், முள்ளுக்குக் கனத்த கையுறை. கண்மாய்ச் சீரமைப்பில் 1990களின் தொடக்கத்திலிருந்து அனுபவம் உள்ள மதுரை தானம் அறக்கட்டளை, விவசாயிகளை வயலகம் என்ற சங்கங்களாகத் திரட்டி வேலை செய்கிறது. பொறியியல் படிப்பவர்கள் மடை, கலுங்கு, கரை பற்றிக் கற்றுக்கொள்ள அப்படிப்பட்ட அமைப்புகளை அணுகலாம்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு புதிய கிராமத்தைத் தேட வேண்டாம். ஒரு கல்லூரிக்கு ஓர் ஊருணி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால், மிஞ்சும் தண்ணீர் போய்ச் சேரும் ஒரு கண்மாய். பத்து ஆண்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் போகும்போது முதலாம் ஆண்டுக்காரர் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மொத்த 240 மணி நேரத்தில் பாதியை முகாமுக்கு வெளியே, மழை நாளிலும் வற்றிய நாளிலும், அங்கேயே செலவிடட்டும்.

பிள்ளைகளே, வருகிற பொங்கல் விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போங்கள். 15 நிமிடம் நின்று எண்ணுங்கள். தேதியையும் தண்ணீர் மட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும் நாளில், குடையோடு அதே இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.